ஏழாவது வரிசையில் சிக்னல்

குடிபாலா பக்கம் எங்கள் மாம்பழக்கூழ் கிடங்கில் இன்று ரத்தம் சிந்தியது.

வைஃபை இருந்தவரை ஏழாவது வரிசைக்குச் சிக்னல் வராது. கூழ் டிரம்கள் மறைத்துவிடும். அடுத்த லோடு சொல்லும் ஸ்கேனர் நின்றுபோகும், நாங்களும் பத்து நிமிடம் உட்காருவோம். கேட்டால், "நெட் இல்ல சார்."

போன வாரம் கம்பெனி கிடங்குக்கென்றே தனி செல் நெட்வொர்க் போட்டது. ஸ்கேனருக்குள் சிம். இப்போது மூலைமுடுக்கெல்லாம் சிக்னல். யார் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பது சூப்பர்வைசரின் டேப்லெட்டில் தெரிகிறது.

இன்று அவரிடம் லோடுமேன் வேலு மாட்டினான்.

"ஏம்ரா, ஏழாவது வரிசைல இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"சோறு துன்னுக்கினு இருந்தேன் சார்."

"நெட்டு ஃபுல்லா கீது, உனக்கு இன்னாடா தீனி?"

பளாரென்று ஓர் அறை விட்டார்.

வேலு அவர் சட்டையைப் பிடித்து டிரம்மில் மோதவிட்டான். அவர் மூக்கு உடைந்தது. நாலு பேர் இழுத்தும் அடங்காமல், இரும்புக் கம்பியை எடுத்துத் தூணிலிருந்த வெள்ளைப் பெட்டியைச் சுக்குநூறாக்கினான்.

"இதான்டா நம்மள காட்டிக் குடுக்குது!"

கீழே விழுந்த பெட்டிக்கு நானும் ஆத்திரம் தீர ஓர் உதை விட்டேன்.

அப்போது வேலுவின் இடுப்பிலிருந்த ஸ்கேனர் பீப் அடித்தது. அடுத்த லோடு.

நாங்கள் உடைத்தது பழைய வைஃபை பெட்டி. இத்தனை நாள் எங்களை உட்காரவிட்ட புண்ணியவான்.

வேலுவுக்கு வேலை போய்விட்டது. புதுப் பெட்டி கூரையில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீளமான ஏணி வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸில் வரவும்.