இரண்டும் டூயல் கோர்தான்

மின்சாரம் காலை ஒன்பதுக்குப் போனால் பன்னிரண்டுக்கு வரும். பன்னிரண்டுக்கு வந்தது மூன்றுக்குப் போகும். இரவிலும் இப்படித்தான். நான் ஏழாம் வகுப்பு படித்த அந்த ஆண்டில், உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சமையல், மாவரைப்பு, துணி துவைப்பு எல்லாம் இந்தக் கணக்கில்தான் நடந்தன. வீட்டில் அதனால் அதிகம் கஷ்டப்பட்டவர் அத்தை, அப்பாவின் தங்கை. பின்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாண வீடியோக்களுக்கு மிக்ஸிங் செய்துகொண்டிருந்தார்.

பெரம்பலூரில் ஒரு ஸ்டுடியோக்காரர் கேமராவில் எடுத்ததையெல்லாம் ஹார்டு டிஸ்க்கில் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். நானும் அத்தையும் நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்வோம். அத்தை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மணமக்கள் முகத்தைச் சுற்றி ரோஜா சுழலவைத்து முடித்ததும், எல்லாவற்றையும் ஒரே படமாக மாற்றும் வேலையை இயந்திரத்திடம் விடுவார். அதற்கு ரெண்டர் என்று பெயர். திரையில் விழுக்காடு ஏறிக்கொண்டிருக்கும். நடுவில் மின்சாரம் போனால், மேசைக்கடியில் இருக்கும் யூபிஎஸ் ஏழு நிமிடம் அலறிவிட்டு அடங்கும். பிறகு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டேகால் மணி நேரம் பிடித்தது. கரண்டு வந்த நிமிடமே தொடங்கினால், சொன்ன நேரத்துக்கு முன்பே அது போகாமல் இருந்தால், படம் கிடைக்கும்.

அத்தைக்கு வைகாசியில் மீன்சுருட்டியில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்து வருவது வழக்கம் என்பதால் அழைத்து வந்தார்கள். ஆவணி பிறந்தும் அத்தை திரும்பிப் போகவில்லை. ஏன் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. வந்த முதல் மூன்று வாரம், தலை வாரும்போது அத்தை இடது கையைத் தூக்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் எதனுடனும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் தாலியைப் பிரித்து, காசும் குண்டும் சேர்த்து மறுபடி கோர்த்துக் கட்டுவார்கள். அத்தைக்கு அது நடக்கவில்லை. கல்யாணத்தன்று கட்டிய மஞ்சள் கயிறு நிறம் மங்கிக் கழுத்தில் கிடந்தது.

அப்பா உரக்கடை வைத்திருந்தார். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே அத்தையிடம் சொன்னார்: “தை வரைக்கும் பாரு. இதான் எனக்கு வேலைன்னு நீ நின்னுட்டீன்னா நா ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லன்னா அங்க போயி இருக்கறதுதான் முறை. ஊருக்கு எத்தனை நாளக்கிப் பதில் சொல்றது?”

அத்தை தலையாட்டினார். அம்மா அப்பாவுக்கு ரசம் ஊற்றினார்.

ஐப்பசியில் ஸ்டுடியோக்காரர் போனில் ஒரு வழி சொன்னார். அந்த முகூர்த்தத்துக்கு வரும் மூன்று கல்யாணங்களையும் நேரத்துக்கு முடித்துக் கொடுத்தால், அத்தைக்கு நிரந்தரமாக வேலை தருவதாக. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். “சொந்தமா ஒரு மிஷின வச்சிருந்தீன்னா இங்கயே வந்து உக்காந்துடும்மா. கடையில எடம் இருக்கு.”

இதற்குப் பிறகுதான் அத்தை லேப்டாப் பேச்சை எடுத்தார். அப்பாவிடம் மின்வெட்டைக் காரணம் காட்டினார். லேப்டாப்பில் பேட்டரி மூன்று மணி நேரம் நிற்கும், மூன்று மணி நேரம் கரண்டு, மூன்று மணி நேரம் பேட்டரி, பகல் முழுக்க ஓடும். இந்தக் கணக்கில் யாராலும் பிழை காண முடியவில்லை. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்குவதென்றால் சரி என்றார் அப்பா.

“அதுலயும் டூயல் கோர்தாண்ணே. இதுலயும் அதான்” என்றார் அத்தை.

“கோரையா? பாய் பின்னப் போறியா?”

அத்தை சிரித்தார். ஆடிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு சனிக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அத்தையும் நானும் அரியலூர் போய், அங்கிருந்து பஸ் மாறிப் பெரம்பலூர் போனோம். என்னை அழைத்துப் போனது துணைக்கு மட்டுமல்ல. நான் இங்கிலீஷ் மீடியம். கம்ப்யூட்டர் பாடத்தில் வகுப்பில் முதல். அத்தை பட்டனையெல்லாம் பழக்கத்தில் அறிந்தவர். திரையில் இங்கிலீஷில் வருவதைப் படிக்க என்னைத்தான் கூப்பிடுவார்.

கடைக்காரர் இளைஞர். எங்கள் பெட்டியை இயக்கிப் பார்த்துவிட்டு, ஒரு கறுப்பு லேப்டாப்பை எடுத்து வைத்தார். அத்தை அதை இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தார். எவ்வளவு எடை என்று கேட்டார். பை கூடவே வருமா, தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி இருக்குமா என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “படிச்சிப் பாரு பாப்பா” என்றார்.

பழையதன் முகத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் டூயல் கோர் என்று இருந்தது. லேப்டாப்பின் ஸ்டிக்கரிலும் டூயல் கோர். கடைக்காரர் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அங்கே பெயருக்குப் பின்னால் ஓர் எண் இருந்தது. பழையதில் 2.8, புதியதில் 1.4. தசம எண்கள் அந்தப் பருவத்தில்தான் எங்களுக்கு நடத்தியிருந்தார்கள். ஒன்று மற்றதில் சரிபாதி என்று எனக்குத் தெரிந்தது. கேட்டேன்.

“பொட்டி சின்னது, நம்பரும் சின்னதா இருக்கும் பாப்பா” என்றார் கடைக்காரர். “கோர் ரெண்டுதான். ரெண்டு ஆளு வேல செய்யற மாதிரி. அங்கயும் ரெண்டு ஆளு, இங்கயும் ரெண்டு ஆளு.”

அத்தை என் முகத்தைப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுதான?”

“ஒண்ணுதான் அத்தை” என்றேன். லேப்டாப்பின் மூடி பளபளவென்று இருந்தது. சாயங்காலங்களில் அதில் விளையாடத் தருவதாக அத்தை பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார்.

பல ஆண்டுகள் கழித்து, நாளிதழ் ஒன்றின் இணைப்புக்காக எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று எழுத நேர்ந்தபோது, அந்தக் கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை என்று தெரிந்துகொண்டேன். டூயல் கோர் என்பது ஆட்களின் எண்ணிக்கை. எவ்வளவு வேகமாக வேலை செய்வார்கள் என்பதை அது சொல்லாது; அதைச் சொல்வது பெயருக்குப் பின்னால் இருந்த அந்த எண். மேசைக் கம்ப்யூட்டரின் பிராசஸருக்குச் சுவரிலிருந்து தடையில்லாமல் மின்சாரம் வரும். சூட்டை இறக்க அதன் தலையில் உள்ளங்கை அளவு விசிறி இருக்கும். லேப்டாப்பில் இருப்பது பேட்டரியைச் சிக்கனமாகக் குடிக்கும்படி செய்தது. மெல்லிய பெட்டிக்குள் மூச்சுமுட்டிக் கிடப்பது. சூடு ஏறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்கம்பியைப் பிடுங்கிப் பேட்டரியில் விட்டால் இன்னும் குறைக்கும். அத்தை பயன்படுத்திய பழைய மென்பொருளோ இரண்டு ஆட்களில் ஒருவரை மட்டுமே வேலை வாங்கக்கூடியது. மற்றவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பெட்டி சின்னது, நம்பரும் சின்னது என்பது சரியான விளக்கம். அதன் பொருள்தான் எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

முதல் இரண்டு கல்யாணங்களுக்கு அவகாசம் இருந்தது. ரெண்டர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அத்தை முகம் சுளித்தார். ஆனாலும் தட்டுத்தடுமாறி அனுப்பிவிட்டார். மூன்றாவது தா.பழூர் கல்யாணம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். விடுமுறை முடிவதால், மூன்றாம் மாதம் செய்ய வேண்டிய தாலி கோர்ப்பைக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்தள்ளி வைத்திருந்தார்கள். அன்று மதியமே அவர் விமானம் ஏறத் திருச்சிக்குக் கிளம்ப வேண்டும். காலையில் சொந்தக்காரர்கள் கூடும்போது கல்யாணப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது பெண் வீட்டாரின் ஆசை. டப்பா வியாழக்கிழமைதான் எங்கள் கைக்கு வந்தது.

வெள்ளி மதியம் பன்னிரண்டுக்கு அத்தை ரெண்டரை ஆரம்பித்தார். எனக்குப் பள்ளி விடுமுறை. விழுக்காட்டைப் படித்துச் சொல்வது என் வேலை. மூன்று மணிக்கு மின்சாரம் போனபோது ஐம்பத்திரண்டு. பேட்டரி இருக்கிறது என்று நான் சொன்னேன். அதன்பிறகு எண் நகர மறுத்தது. நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு, அறுபத்தொன்றில், திரை அணைந்தது. மூன்று மணி நேரம் நிற்கும் என்ற பேட்டரி, அது சும்மா இருக்கும்போது நிற்கும் பேட்டரி.

சனிக்கிழமை அத்தை படத்தை நான்காக வெட்டினார். நிச்சயம், பெண்ணழைப்பு, தாலி கட்டு, வரவேற்பு. ஒவ்வொன்றாக ஓட்டினால் ஒன்று போனாலும் மற்றது தங்கும். லேப்டாப்புக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்துக் காற்றுப் போக இடைவெளி விட்டார். நான் அட்டையால் விசிறினேன். அடிப்பக்கம் இஸ்திரிப்பெட்டி போலச் சுட்டது. பன்னிரண்டுக்கு வர வேண்டிய கரண்டு ஒன்றரைக்கு வந்தது. அன்று இரண்டு துண்டு முடிந்தது.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார்.

“எங்கம்மா இருக்கு?”

“இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க சார். தாலி கட்டறதுதான் பாக்கி.”

“தாலி கட்டறத வுட்டுட்டு மிச்சத்தக் குடுத்து என்னம்மா பண்றது?”

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு நூறு வந்தது. டிஸ்க்கில் எழுதி, அத்தையும் நானும் ஜெயங்கொண்டம் போய், அங்கே பஸ் மாறித் தா.பழூரில் இறங்கியபோது மணி இரண்டே முக்கால். பந்தல் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எச்சில் இலைகள் கொல்லையில் குவிந்திருந்தன. கூடத்தில் ஒரு பெரிய டிவியை மேசைமேல் ஏற்றி, துணி போர்த்தி வைத்திருந்தார்கள். யாரும் அதைப் போட்டதாகத் தெரியவில்லை.

மணப்பெண்ணின் அம்மா எங்களைப் பார்த்தார். “படம் வந்துருச்சா? இனிமே யாருக்குப் போட்டுக் காட்டறது? பந்தக்காரனுக்கா?”

மணப்பெண் உள்ளேயிருந்து வந்து டிஸ்க் கவரை வாங்கிக்கொண்டார். கழுத்தில் புதுக் கோர்ப்பு மின்னியது. அத்தை அதைப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார்.

“அவரு கெளம்பிட்டாருக்கா. இப்பதான் வண்டி போச்சு.”

“அடுத்த தடவ வந்து பாப்பாரும்மா.”

“ரெண்டு வருசம் ஆவும்” என்றார் அந்தப் பெண். பிறகு, “சாப்ட்டுட்டுப் போங்கக்கா” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

ஸ்டுடியோக்காரரும் கோபப்படவில்லை. மறுநாள் போனில், “பரவால்லம்மா, நாம பாத்துக்குவோம்” என்றார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. இரண்டு வாரம் நானும் அத்தையும் நிறுத்தத்தில் போய் நின்றோம். அந்தக் கண்டக்டர் முதலில் படியில் நின்றபடி, “இன்னிக்கி ஒண்ணும் குடுக்கலம்மா” என்றார். பிறகு உள்ளேயிருந்தே கையை ஆட்டினார். கடைசியில் பஸ் நிற்காமல் போனது.

தை முடியும்வரை அப்பா எதுவும் பேசவில்லை. மாசி முதல் வாரத்தில் மீன்சுருட்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அத்தையைக் கட்டிய மாமா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெரியவர் ஒருவர், இனி ஒன்றும் நடக்காது என்று இரண்டு முறை சொன்னார். என்ன நடக்காது என்று யாரும் கேட்கவில்லை. காபி குடித்தார்கள். அத்தை ஒரு சூட்கேஸோடு காரில் ஏறினார்.

ஏறுவதற்கு முன் பின்னறைக்குப் போய், லேப்டாப்பைப் பையோடு எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

“நீயே வச்சிக்க.”

“நெஜமாவா?”

“அங்க எதுக்கு?” என்றார். “நல்லா படி.”

என் சந்தோஷத்தை மறைக்க எனக்குத் தெரியவில்லை. கார் தெருமுனை திரும்புவதற்குள் உள்ளே ஓடிவிட்டேன். நான் 1.4 என்ற எண்ணைப் பார்த்தும் ‘ஒண்ணுதான்’ என்று சொல்லிவிட்டேனே என்ற உறுத்தல் அதுவரை உள்ளுக்குள் இருந்தது. அத்தை பரிசாகக் கொடுத்துவிட்டதால் அதை மன்னித்துவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். என் தப்பு அந்த எண்ணோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பையின் பக்க அறையில் சார்ஜரை வைக்கப் போனபோது உள்ளே நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பெரம்பலூரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் விண்ணப்பம். அத்தையின் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. பெயர், வயது, படிப்பு. தங்கும் காரணம்: வேலை. கொண்டுவரும் பொருட்கள்: துணி, லேப்டாப் ஒன்று. உடன் வந்து கையெழுத்திட வேண்டியவர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. தேதி, நாங்கள் லேப்டாப் வாங்கப் போவதற்கு முந்தைய நாள்.

எல்லாவற்றையும் தெளிவாகப் படித்தேன். யாரிடமும் காட்டவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வயதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால், அதைத் திருப்பி வைத்து, அதில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வீடு வரைந்தேன்.