ஏழு ஐமிச்சப் புள்ளிகள்

சச்சிதானந்தன் பந்தியில் பரிமாறினால் அவருடைய வீட்டு ஆட்களுக்கு வடை கிடைக்காது. கலியாண வீடோ கோயில் அன்னதானமோ, வாளியைத் தூக்கினார் என்றால் மனைவி யோகமலரும் மகன் அபிஷனும் இருக்கிற வரிசைக்குக் கடைசியாகத்தான் வருவார். வந்து சேரும்போது வாளியின் அடியில் இரண்டு கத்தரிக்காய்த் துண்டு கிடக்கும். கேட்டால், "ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கினம்" என்பார். எந்த ஆட்கள் என்று யோகமலர் முப்பத்துமூன்று வருடமாகக் கேட்கிறாள். பதில் இன்னும் வந்தபாடில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஸ்காபரோத் தமிழ்ப் பேஸ்போல் ஒன்றியம் தன் ஸ்கோர் புத்தகத்தைக் கொடுத்து வைத்திருந்தது. பதினான்கு வருடம். ஆறு கழகம், அறுபத்தைந்து எழுபது விளையாட்டுக்காரர், ஒரேயொரு சச்சி அண்ணை.

அவருக்குப் பேஸ்போல் வந்த விதம் வேறு. எண்பத்தெட்டில் அகதியாகக் கனடாவுக்கு வந்து நகர நடுவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு தொலைக்காட்சி. கோடை முழுக்க அதில் இந்த விளையாட்டுத்தான். என்ன நடக்கிறது என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. மறுநாள் காலைப் பேப்பரில் அதே ஆட்டம் எண்களாக வந்திருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் விளங்கிக்கொண்டார். கனடாவில் அவர் யாரிடமும் கேட்காமல் முழுதாக வாசித்து முடித்த முதல் பக்கம் அது. பிறகு ரெக்ஸ்டேலில் ஒரு களஞ்சியத்தில் சரக்கு எண்ணுகிற வேலை கிடைத்தது. வீடு இருந்த மல்வேர்னிலிருந்து அங்கே தினமும் ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம். பெட்டி எண்ணிக் களைத்த மனிதர் சனி ஞாயிறுகளில் மைதானத்துக்குப் போய் ஹிட் எண்ணினார். ஆளுக்கு ஆள் இளைப்பாறுகிற வழி ஒன்று இருக்குமல்லவா.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஒருவன் பந்தை அடித்துவிட்டு ஓடி முதலாவது பேஸ் என்கிற தரிப்பிடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்கிறான் என்று வையுங்கள். அது அடித்தவனின் கெட்டித்தனமா, பந்தைப் பிடிக்க வேண்டியவன் கோட்டை விட்டதா? கெட்டித்தனம் என்றால் அது ஹிட், அவன் கணக்கில் ஏறும். கோட்டை விட்டது என்றால் அது எரர். ஓடிச் சேர்ந்தாலும் அவுட் ஆனவன் கணக்குத்தான். இதைத் தீர்மானிக்கிறது நடுவர் இல்லை, ஸ்கோர் எழுதுகிற மனிதர். ஐமிச்சமான, சந்தேகமான பந்து வந்தால் சச்சிதானந்தன் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து ஹிட் என்றோ எரர் என்றோ எழுதுவார். எழுதிவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். 'இதில் எனக்கு ஐமிச்சம் இருந்தது' என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்கிற புள்ளி. அந்தப் புள்ளியில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பிறகு அந்த இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு வந்தது. வழமையாக முப்பது ஆட்டம். அந்த வருடம் நோயின் காரணத்தால் ஆடி கடைசியில்தான் மைதானத்தில் கால் வைக்க முடிந்தது. பார்வையாளர் கூடாதென்றபடியால், வேலியில் ஒரு போனைக் கட்டி ஆட்டத்தை வீடுகளுக்கு ஒளிபரப்பினார்கள். புரட்டாதியில் நோய் மறுபடி தலைதூக்க எல்லாம் நின்றுபோனது. ஆளுக்குப் பதினொரு ஆட்டம். இறுதிப் போட்டி கிடையாது.

ஒன்றியத் தலைவர் கிறிஸ்துநாயகம் போன் எடுத்தார்.

"சச்சி அண்ணை, இந்தமுறை பைனலும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. உங்கட லிஸ்ட்தான் கோப்பை. ஆர் முதலாவதோ அவரின்ர பேரைக் கோப்பையில வெட்டுறம்."

"பதினொரு ஆட்டம் காணாது, தலைவர். முப்பது எண்டா நல்லகாலமும் கெட்டகாலமும் ஒண்டையொண்டு தின்னும். பதினொண்டில ஒரு ஹிட்டே ஆளைத் தூக்கி எங்கையோ வைச்சிடும்."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? உங்களை நம்பித்தான் விடுறம்."

நம்பி விட்டார்கள் என்றால் சச்சிதானந்தனுக்கு இரவில் நித்திரை வராது. லிஸ்டைப் போட்டார். இப்போது என்னென்னவோ புதுக் கணக்குகள் வந்துவிட்டன என்று இளம் ஆட்கள் சொல்வார்கள். ஒன்றியத்துக்குப் பழைய கணக்குத்தான். அடிக்க நின்ற தடவைகளில் எத்தனை ஹிட், அவ்வளவுதான். மட்டக்களப்புப் பொடியன் விதுஷன் நாற்பத்தொன்றில் பதினெட்டு, முதலாமிடம். அடுத்தவர் வாகீசன், நாற்பதில் பதினாறு. அபிஷன் முப்பத்தெட்டில் பதினொன்று, ஏழாமிடம்.

அபிஷனுக்கு முப்பத்தொரு வயது. விட்பியில் புது வீடு, மனைவி அட்சயாவுக்கு ஏழு மாதம். பிள்ளை பிறந்தால் சனி ஞாயிறு இவ்வளவு தூரம் வந்து விளையாட ஏலாது, இதுதான் கடைசி சீசன் என்று சொல்லியிருந்தான். பதினேழு வயதில் தொடங்கியவன், ஒருமுறைகூட முதல் மூன்றுக்குள் வந்ததில்லை. ஏழு என்ற எண்ணை எழுதியபோது தகப்பனுக்கு ஒரு சின்னக் கவலை வந்தது. அதோடு, ஒளிப்பானேன், ஒரு சின்ன நிம்மதியும் வந்தது. ஒருவரும் வாய் திறக்க முடியாதே.

சின்ன சீசன் என்றபடியால் தன்னையே ஒருதரம் சரிபார்த்துவிடுவோம் என்று சனிக்கிழமை பின்னேரம் சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்தார். புள்ளிகளை எண்ணினார். மொத்தம் ஐம்பத்திரண்டு. அபிஷனைத் தவிர்த்து மற்ற எல்லோருக்குமாக நாற்பத்தைந்து ஐமிச்சப் பந்து. அதில் முப்பத்தொன்றை ஹிட் என்று கொடுத்திருந்தார். பத்தில் ஏழு பங்கு. தாராளமான கைதான்.

அபிஷனுக்கு ஏழு புள்ளி. ஏழும் எரர்.

திரும்ப எண்ணினார். களஞ்சியத்தில் கணக்கு உதைத்தால் மூன்று தரம் எண்ண வேண்டும் என்பது சட்டம். மூன்றாம் தரமும் ஏழுதான்.

யோகமலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பிரஷர் ஏதும் கூடிப்போச்சோ?" என்றாள். அவர் விரலால் காட்டினார். கணக்கு அவளுக்கு ஒருதரம் சொன்னால் போதும்.

"இஞ்சருங்கோ, அப்ப பதினாலு வருசமும் உப்பிடித்தானோ?"

மற்றப் பதின்மூன்று புத்தகமும் கீழே பேஸ்மென்டில் ஒரு பெட்டிக்குள் இருந்தன. எழும்பிப் படிவரைக்கும் போனார். இறங்கவில்லை. இறங்கினால் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். முதலாவது வருடம், அபிஷனின் இரண்டாவது ஆட்டம், ஒரு ஐமிச்சப் பந்தை ஹிட் என்று எழுதினார். தேத்தண்ணி இடைவேளையில் யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்: "தகப்பன் பேனை பிடிச்சா மகன் கீரோதான்." சொன்னவர் யாரென்று திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பயந்து பெற்ற பிள்ளையின் ஹிட்டுகளைப் பதினான்கு வருடமாகப் பறித்திருக்கிறார். அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்திருந்தார். வெட்கமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரியான வெட்கம்.

ஞாயிறு காலை விட்பிக்குப் போனார். நோய்க் காலம், அட்சயா வேறு பிள்ளைத்தாச்சி, ஆகவே வீட்டுக்குள் போவதில்லை. அபிஷன் கராஜைத் திறந்து ஆறடி இடைவெளியில் இரண்டு மடக்குக் கதிரை போட்டான். சச்சிதானந்தன் மாஸ்க்குக்குள் மூச்சு முட்ட எல்லாவற்றையும் சொன்னார். புத்தகத்தை நிலத்தில் வைத்துத் தள்ளியும் விட்டார். அபிஷன் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"தெரியும் அப்பா."

"என்ன தெரியும்?"

"நீங்கள் எனக்கு ஹிட் தரமாட்டீங்கள் எண்டு. டீம்ல எல்லாருக்கும் தெரியும். இட்ஸ் லைக் எ ஜோக். குளோஸ் கோல், ஐமிச்சமான பந்து எண்டா அபிக்கு எரர் எண்டு சொல்லிச் சிரிப்பாங்கள்."

"நீ ஒருநாளும் சொல்லேல்லையே."

"நான் வேற வழி பாத்தனான்," என்றான் அபிஷன். "வேலிக்கு மேலால அடிச்சா ஹோம் ரன். அதில உங்களுக்கு யோசிக்க ஒண்டும் இல்லைத்தானே. எழுதத்தான் வேணும். அதான் எல்லாப் பந்துக்கும் மட்டையைப் பெருசா வீசினனான்."

சச்சிதானந்தனுக்கு அபிஷனுடைய பக்கம் மனப்பாடம். நாலு ஹோம் ரன். பன்னிரண்டு ஸ்ட்ரைக் அவுட், அதாவது பன்னிரண்டு தரம் வீசி வீசிப் பந்தில் படாமலே வெளியே போனது. ஒன்றியத்திலேயே கூடிய எண்ணிக்கை அது. ஒவ்வொரு தரமும் ஸ்கோர் மேசையில் இருந்துகொண்டு, 'உவனுக்கு எத்தினை தரம் சொன்னாலும் அடக்கி அடிக்கத் தெரியாது' என்று மனதுக்குள் புறுபுறுத்தவர் அவர்தான். கராஜ் வாசலில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளு தம்பி," என்றார். தகப்பன்மார் எளிதில் சொல்கிற வார்த்தை இல்லை அது. பாதி மாஸ்க்குக்குள்ளேயே நின்றுவிட்டது.

"பரவாயில்லை அப்பா. லிஸ்டைக் குடுங்கோ, விடுங்கோ. இப்ப மாத்தினா உங்களைத்தான் கதைப்பினம்."

அதுதான் சிக்கல். திருத்தினால் மகனைத் தூக்கிவிட்டார் என்பார்கள். திருத்தாவிட்டால் பொய் லிஸ்டில் கோப்பை கொடுத்த பாவம். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். கடைசியில், கதைக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் கதைக்கட்டும் என்று முடிவு செய்தார். அந்த முடிவுக்கு அவருக்கு அறுபத்தொரு வயது தேவைப்பட்டது.

புதன்கிழமை சூமில் கூட்டம். கிறிஸ்துநாயகம் வழமைபோல முதல் மூன்று நிமிடம் சத்தமில்லாமல் வாயசைத்தார். சச்சிதானந்தன் ஏழு புள்ளியையும் வாசித்துக் காட்டினார். ஆட்டங்களின் வீடியோ இருக்கிறது, கழகங்களோடு சம்பந்தமில்லாத மூன்று ஸ்கோரர்களைக் கூப்பிட்டு ஐம்பத்திரண்டு பந்தையும் பார்க்கச் சொல்லுங்கள், அவர்கள் சொல்வதை நான் எழுதுகிறேன், இதோடு நான் புத்தகத்தை விடுகிறேன் என்றார். படத்தை மறைத்துவிட்டு இருந்த ஒருவர், "உது கடைசி நேரத்தில மகனுக்காகச் செய்யிற வேலை" என்றார்.

"ஓம்," என்றார் சச்சிதானந்தன். "மகனுக்காகத்தான்."

பிறகு முதலாமிடத்தில் நிற்கிற விதுஷனே பேசினான். "அங்கிள், பாக்கட்டும். ஏமாத்தி வாற கோப்பை எனக்கெதுக்கு?"

மூன்று பேரும் ஒரு வாரம் பார்த்தார்கள். மற்றவர்களின் நாற்பத்தைந்து பந்திலும் கைவைக்க ஒன்றும் இருக்கவில்லை. அபிஷனின் ஏழில் நாலு ஹிட், மூன்று உண்மையிலேயே எரர். பதினொன்று பதினைந்து ஆனது. முப்பத்தெட்டில் பதினைந்து, மூன்றாமிடம். வாகீசனுக்கு ஆயிரத்துக்கு நானூறு, இவனுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. விதுஷனின் பெயரைக் கோப்பையில் வெட்டினார்கள். அவன் அதற்கு முழுத் தகுதியானவன், அதில் பேச்சே இல்லை.

சச்சிதானந்தன் மகனுக்குப் போன் எடுத்தார். மூன்றாமிடம் என்று கேட்டதும் அபிஷன் ஒரு கூவல் போட்டான், அட்சயாவைக் கூப்பிட்டுச் சொன்னான். பிறகு போனுக்குத் திரும்பி வந்து, "அப்பா, முதலாவதா வர இன்னும் எத்தினை ஹிட் வேணும்?" என்று கேட்டான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அதை ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தார்.

"ரெண்டு," என்றார்.

பன்னிரண்டு ஸ்ட்ரைக் அவுட்டில் இரண்டே இரண்டை அடக்கி அடித்திருந்தால் போதும். பறித்த ஹிட்டைத் திருப்பிக் கொடுக்க மூன்று பேரும் ஒரு வீடியோவும் இருந்தன. அந்தப் பன்னிரண்டையும் ஒருவராலும் திருத்த முடியாது, அவை நடந்தவை. இரண்டு பேருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"நீ முந்தியே என்னட்டைக் கேட்டிருக்கலாம், தம்பி. ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா ஹிட் எண்டு போட்டிருப்பீங்களோ?"

ஓம் என்று சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது.

"இல்லை," என்றார். "நீ கேட்டனி எண்டதுக்காகவே எரர் எண்டுதான் போட்டிருப்பன்."

"தெரியும் அப்பா," என்றான் அபிஷன்.