பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம்

இது கட்டுக்கதையாக இருந்தால் முதலில் நிம்மதி அடைபவன் நான்தான். ஆனால் நடந்தது. போன ஐப்பசியில், எனக்கே.

நான் கலையரசன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பேய் என்றால் சிரிக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கத்தில் சித்தார்த்தன் வீட்டில் நாங்கள் சிலர் கூடிப் பௌத்தம் படிப்போம். அப்போது படித்தது ஒரு பழைய சண்டை. வெளியே எதுவுமில்லை, எல்லாம் மனம்தான் என்ற பிக்குகளுக்கு நடுவிலேயே சண்டை. அப்படியானால் எதிரே இருப்பவருக்கு மனம் உண்டா? பேசுகிறார், அசைகிறார், அதனால் உண்டு என்றார் ஒருவர். கனவில் வருகிறவர்களும்தான் பேசுகிறார்கள் என்றார் இன்னொருவர். வேலையில்லாதவர்கள் என்று நான் கேலி செய்தேன்.

அந்த வாரமே என் மனைவி தேவதர்ஷினி ஸ்கூட்டியிலிருந்து விழுந்தாள். தலையில் அடி. பேச்சில்லை, அசைவில்லை. மூச்சு மெஷினில் ஓடியது. சில நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

"உள்ள அவங்க இருக்காங்களான்னு எங்களாலயே சொல்ல முடியல. மெஷினை நிறுத்தலாமான்னு நாளைக்குள்ள சொல்லுங்க."

சித்தார்த்தனுக்கு போன் போட்டேன். "தோழர், அவ இருக்காளா?"

"அசைஞ்சா மனசு இருக்குன்னு சொல்லலாம். அசையலன்னா இல்லைன்னு சொல்ல முடியாது, தோழர். கொஞ்ச நேரம் உட்காருங்க."

உட்காருவது என்றால் எங்கள் முறையில் கண்ணை மூடி உட்காருவது. ஒரு நினைப்பு வந்தால், 'இது யாருடையது?' என்று கேட்க வேண்டும். யாருடையதும் இல்லை என்று விட்டுவிட வேண்டும்.

குவார்ட்டர்ஸில் தனியாக உட்கார்ந்தேன். மாலை 5.40. வெளியே மழை. கரண்ட் இல்லை.

ஷ்ஷ்... டக்.

ஷ்ஷ்... டக்.

வீட்டில் எதுவும் ஓடவில்லை.

பிறகு ஒரு கூரை தெரிந்தது. வெள்ளைக் கூரை. நடுவில் தண்ணீர் ஊறிய பழுப்புக் கறை. என் வீட்டுக் கூரை இல்லை.

தொண்டையில் குழாய். வாயை மூட முடியவில்லை.

யாருடையது?

"நான் இருக்கேன்... நிறுத்தாதீங்க..."

காதில் விழவில்லை. மண்டைக்குள் கேட்டது.

தர்ஷினி!

விட்டுவிட வேண்டிய நினைப்பை நான் பிடித்துக்கொண்டேன். மழையிலேயே பைக்கை எடுத்தேன். ஐசியு வாசலில் நர்ஸ் பிரான்சி தடுத்தார். உள்ளே வரிசையாகப் பச்சைத் திரைகள். அண்ணாந்து பார்த்தேன். திரைகளுக்கு மேலே கூரையில் அதே பழுப்புக் கறை... சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

"அவ இருக்கா! நிறுத்தாதீங்க!" என்று கத்தினேன்.

நிறுத்தவில்லை. அடுத்த வாரம் தர்ஷினி கண்ணைத் திறந்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவளிடம் கேட்டேன். "அந்தக் கறையையே பாத்துக்கிட்டு இருந்தியா?"

"என்ன கறை? எனக்கு ஒன்னுமே ஞாபகம் இல்லைங்க."

பிரான்சி நிமிர்ந்து பார்த்தார். "கறை இவங்க கட்டிலுக்கு மேல இல்லையே சார். அது பக்கத்துக் கட்டில். கமர் ஜஹான்னு ஒரு அம்மா இருந்தாங்க."

"இப்ப எங்க?"

பிரான்சி குரலைத் தாழ்த்தினார். "நீங்க மழையில ஓடி வந்தீங்கல்ல... அப்பதான் சார், திரைக்கு அந்தப் பக்கம் அவங்க மெஷினை நிறுத்திக்கிட்டு இருந்தாங்க."

அந்த நேரம் நான் வாசலில் நின்று, என்னைக் கூப்பிட்டதற்காக என் மனைவிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.