இறைத்த தண்ணீர்

அந்தத் துணிக்கடையில் அவரை எல்லோரும் மோட்டார்க்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கடையின் கிடங்கு பூமிக்கு அடியில் இருந்தது. முன்பு ஏரியாக இருந்த இடம் அது. மண்ணைக் கொட்டிக் கட்டடம் எழுப்பியவர்களால் அடியில் ஓடிய ஊற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. சுவரும் தரையும் சேரும் இடுக்கெல்லாம் கசிந்து, தண்ணீர் மூலைக் குழியில் சேரும். குழி வழிந்தால் துணிக்கட்டுகள் பாழ். வழிவதற்குள் மோட்டாரைப் போட வேண்டும், வற்றியதும் நிறுத்த வேண்டும். ஒரே ஒரு மழைக்காலத்துக்கு என்று வந்தவருக்கு அங்கேயே தலை நரைத்துவிட்டது.

மொட்டைமாடியில் கடை கொடுத்த அறையில் மனைவியோடு குடியிருந்தார். கல்யாணமோ சாவோ, எங்கே போனாலும் பாதியில் எழுந்து ஓடி வந்துவிடுவார். "உங்க மூத்த தாரம் கூப்பிடுறா, கெளம்புங்க" என்று மோட்டாரைச் சொல்லி மனைவி சீண்டுவாள்.

கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. "ஒரே ஒரு நாள் வந்து பார்த்துட்டுப் போங்கப்பா" என்று கெஞ்சினாள். மேனேஜரிடம் கேட்டார். "மழை விடட்டும்ப்பா, போகலாம்" என்றார் அவர். மழை விட்டது. வெயில் கொளுத்தியது. ஆனாலும் குழி நிரம்பிக்கொண்டேதான் இருந்தது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி ஒருநாள் அவரைக் கைப்பிடிச் சுவரருகே கூப்பிட்டாள்.

"என்னங்க, பின்னாடி இருக்கிற காலி மனையைப் பாருங்க. ஊரே காஞ்சு கெடக்கு, அங்க மட்டும் எப்படித் தண்ணி நிக்குது?"

"நான் எறைக்கிற தண்ணிதான். நம்ம குழாய் அங்கதானே கொட்டுது."

"அப்புறம் எங்க போகுது?"

"கொஞ்சம் வெயில்ல ஆவியாப் போயிடும். மிச்சம்..."

அவர் கண் மனையிலிருந்து கடைச் சுவருக்கு வந்தது. மிச்சம் மண்ணுக்குள் இறங்கும். இறங்கிப் பள்ளமான பக்கம் நகரும். அந்த மனைக்குப் பள்ளமான பக்கம் அவருடைய குழி. இத்தனை வருடமும் போன தண்ணீரையே திரும்பத் திரும்ப இறைத்திருக்கிறோமா?

மறுநாளே குழாயோடு ஹோஸை இணைத்து, மனையைத் தாண்டித் தெருக்கோடி வாய்க்காலில் விட்டார். கொஞ்ச நாளில் மனைத் தரை காய்ந்து வெடித்தது. குழியில் ஊறுவதும் பாதிக்குப் பாதி குறைந்தது. சின்னப் பிள்ளை போல ஓடிப் போய் மேனேஜரை அழைத்து வந்தார்.

மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டினார். "பரவாயில்லையே! இவ்வளவுதான்னா ஒரு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் போதுமே, தனியா ஆள் எதுக்கு? மாடி ரூமையும் ஸ்டாக் வைக்க எடுத்துக்கலாம். முதலாளிகிட்ட பேசறேன்."

மோட்டார்க்காரர் அவசரமாகக் குறுக்கிட்டார். "வெயில் காலம் சார், அதான் கொறைஞ்சிருக்கும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்று எப்படியோ சமாளித்தார்.

"இந்த வயசுல எங்கங்க போவோம்?" என்றாள் மனைவி. மகள் வீட்டிலோ மாமனார், மாமியார், நாத்தனாரோடு காலை நீட்டவே இடமில்லை. அவர் கீழே போய், தன் கையாலேயே ஹோஸைக் கழற்றிச் சுருட்டி வைத்தார்.

அடுத்த வாரம் வந்து எட்டிப் பார்த்த மேனேஜர், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். குழி பழையபடி தளும்பியது.

மனைவி மட்டும் பேத்தியைப் பார்க்கப் போனாள். அங்கிருந்து போன் செய்தாள். "மூக்கு அப்படியே உங்களுதுதான்! அப்புறங்க, இங்க கடலுக்கு மேல மேகம் கருகருன்னு தெரண்டு நிக்குது. காத்து உங்க பக்கம்தான் அடிக்குது, பார்த்துக்கோங்க."

"சரி. போனைக் குழந்தைகிட்ட வை."

தூங்கும் குழந்தையின் மூச்சு சன்னமாகக் கேட்டது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

மறுநாள் மத்தியானம் மழை வந்து சேர்ந்தது. கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு அவர் கீழே இறங்கினார்.