முதலில் சிவப்பு

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து முதல் நாலு வருஷம் எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை, அவளுக்கே தெரியும். பெரிய காரணம் ஒன்றுமில்லை. நான் எது சொன்னாலும் "அப்படியா? எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். மழை வராது என்றால் எப்படித் தெரியும். மூலைக்கடைக்காரர் நல்ல மனிதர் என்றால் எப்படித் தெரியும். நாத்தனாரிடம் பேசுகிற பேச்சா இது? அவள் எதிரில் வாயைத் திறக்கவே யோசனையாக இருக்கும்.

அவள் குடிநீர் வாரியத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறாள். அது சம்பளத்துக்கு. காலையில் ஐந்தரையிலிருந்து எட்டு வரையும் சனிக்கிழமை முழுவதும் சம்பளமில்லாத இன்னொரு வேலை. கோப்புகளை நகலெடுக்க, அழிக்க, எண்ண, வரிசைப்படுத்த என்று கணினிக்குள் சின்னச் சின்னக் கருவிகள் உண்டாம். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கருப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலையை முடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். எத்தனையோ அலுவலகங்களில் அடியில் ஓடுவது இதுதான் என்பாள். பல நாடுகளில் இருக்கும் பதினோரு பேர் சேர்ந்து இதைப் பராமரிக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. அந்தப் பதினோரு பேரில் அண்ணி ஒருத்தி.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, முன்பு ஃப்ரிட்ஜ் நின்ற சந்துதான் அவள் இடம். இரண்டு இரும்பு அலமாரிகளின் மேல் பழைய கதவு ஒன்றைப் படுக்கப் போட்டு மேசையாக்கியிருக்கிறாள். கைப்பிடி இருந்த ஓட்டை வழியாக ஒயர்கள் இறங்கும். நாலு கணினிகள், அதில் இரண்டுக்கு மூடியே இல்லை. தலைக்கு மேலே துணி காயும். என் அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். விசில் ஊதி ஊதித் தொண்டை கனத்துப்போனவன். அவன்கூட அந்தச் சந்தைத் தாண்டும்போது குரலைத் தணித்துக்கொள்வான்.

குழுவில் அவளுக்குச் சிவப்புக்காரி என்று பேர். யாராவது ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினால், கூடவே ஒரு சோதனையும் எழுதி அனுப்ப வேண்டும். சோதனையில் தேறினால் திரையில் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. எல்லாரும் பச்சையைக் காட்டிப் பாராட்டுக்குக் காத்திருப்பார்கள். அண்ணி மட்டும், "இப்ப உங்க திருத்தத்தை எடுத்துட்டு அதே சோதனையை ஓட்டுங்க. முதல்ல எனக்குச் சிவப்பைக் காட்டுங்க" என்பாள். திருத்தம் இல்லாமலும் பச்சை வந்தால் அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான். ஒருவருடைய திருத்தத்தை இதற்காகவே பத்துத் தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவருக்கு எங்கள் வீட்டில் பத்துத்தடவைக்காரர் என்றே பேர் வைத்தாகிவிட்டது.

இப்படிப்பட்டவளோடு நான் சமாதானமானது என் வேலையால்தான். நான் ஆஸ்பத்திரியில், அறுவைக் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் அறையில் இருக்கிறேன். மாடி வீட்டில்தான் குடித்தனம். ஒரு சனிக்கிழமை காலை டீ குடிக்கக் கீழே வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னேன். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கிருமி அடைத்த ஒரு குப்பியை உள்ளே வைப்போம், நீராவியில் அந்தக் கிருமி சாக வேண்டும். அதே மாதிரி இன்னொரு குப்பியை உள்ளே வைக்காமல் வெளியிலேயே வைத்திருப்போம். வெளியே இருப்பதில் கிருமி வளர்ந்தே ஆக வேண்டும். வளராவிட்டால் அது ஏற்கெனவே செத்த குப்பி, அதை நம்பி மெஷினுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

அண்ணி டீயைக் கீழே வைத்துவிட்டாள். "ஏய், இத்தனை வருஷமா இதை ஏன் என்கிட்ட சொல்லல? அதேதான் நான் கேக்குறது! வெளியே வச்ச குப்பியைக் காட்டுங்கன்னுதான் கேக்குறேன்."

"அதுக்கு ஏன் அண்ணி ஊரையே மிரட்டுறீங்க?"

"இங்க வா. சிவப்பு எப்படி வரும்னு காட்டுறேன்."

அவள் காட்டுவதற்கு எடுத்தது தன்னுடைய முதல் சோதனையை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியது, குழுவில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். ஒரு கருவி ஒரு பெட்டியைக் காலி செய்துகொண்டிருக்கிறது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி. நடுவில் எவனோ ஒருவன் உள்பெட்டியை எடுத்துவிட்டு, 'பக்கத்து வீட்டுக்குப் போ' என்று ஒரு கைகாட்டியை அங்கே வைத்துவிடுகிறான். கருவி அதை நம்பிப் போனால் பக்கத்து வீட்டையே வழித்துப் போட்டுவிடும். போகாமலிருக்க அண்ணி ஒரு காவல் வைத்தாள், அந்தக் காவலுக்கு ஒரு சோதனையும் எழுதினாள்.

"இப்ப காவலை எடுத்துடுறேன். பாரு, சிவப்பு வரும்."

பச்சை வந்தது.

சரியாக எடுக்கவில்லையோ என்று மறுபடி பார்த்தாள். மறுபடி ஓட்டினாள். நாலு கணினியிலும் ஓட்டினாள். நாலிலும் பச்சை. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இதை எழுதின அன்னிக்கு நான் எடுத்துப் பாக்கல" என்றாள். "அந்தச் சட்டத்தையே ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கொண்டுவந்தேன். அதுக்கு அப்புறம் வந்ததுக்கெல்லாம் கேட்டேன். முன்னாடி எழுதினதை நான் திரும்பியே பாக்கல."

கோளாறு அரை மணியில் பிடிபட்டது. சோதனை கைகாட்டியை வைப்பதற்குள் கருவி வேலையை முடித்துவிடுகிறது. திருடன் போன பிறகு வாசலில் நிற்கிற ஆள் மாதிரி. அண்ணி கருவியை நடுவழியில் ஒரு நொடி நிறுத்தி, கைகாட்டியை வைத்து, பிறகு தொடரவிடும்படி சோதனையை மாற்றி எழுதினாள். ஓட்டினாள். சிவப்பு. "அப்பாடா" என்றேன். காவலைத் திரும்ப வைத்து ஓட்டினாள். பச்சை வர வேண்டும்.

அப்போதும் சிவப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த வேறொரு திருத்தம் காவலை ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கிறது. சோதனை பச்சை காட்டியதை நம்பி அதற்கு ஒப்புதல் கொடுத்தவளும் அண்ணிதான். இரண்டு வருஷமாக வெளியே போன ஒவ்வொரு வெளியீட்டிலும் அந்த ஓட்டை இருக்கிறது.

இதில் ஒரு சங்கடம். குழுவின் தலைமைப் பொறுப்பாளர் வயதாகிவிட்டது என்று விலகுகிறார். அவர் இடத்துக்கு அந்த வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. நின்றது இரண்டே பேர், அண்ணியும் பத்துத்தடவைக்காரரும். அண்ணிதான் வருவாள் என்று எல்லாருக்கும் தெரியும். அவளும் மூடி மறைக்கிற ரகமில்லை. "எனக்கு அந்தப் பொறுப்பு வேணும். என்னால நல்லா செய்ய முடியும்" என்று ஒரு மாதமாக எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பதிமூன்று வருஷக் காலை நேரங்கள் அதற்காகப் போயிருக்கின்றன.

மத்தியானத்துக்குள் ஓட்டையை அடைத்துவிட்டாள். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பிறகு கூடத்துக்கு வந்து அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அடைச்சாச்சுல்ல?" என்றான் அண்ணன். "அப்புறம் என்ன? சின்னத் திருத்தம்னு போட்டு அனுப்பிடு. வியாழக்கிழமை முடியட்டும், அப்புறம் விவரமா எழுதிக்கோ."

நானும் அதையேதான் சொன்னேன். ஒளிப்பானேன், இன்னும் பலமாகச் சொன்னேன். "அண்ணி, நீங்களே உங்க மூக்கை ஒடைச்சுக்காதீங்க. அந்த ஆளு இதுக்குன்னே காத்துக்கிட்டு இருப்பாரு. அஞ்சு நாளு பேசாம இருங்க, யாருக்கும் தெரியப் போறதில்ல."

"அஞ்சு நாளு கழிச்சு சொன்னா, ஓட்டுப் போட்டவங்க எதைப் பாத்து போட்டதா ஆகும்?"

"உங்க வேலையைப் பாத்துத்தான்."

"என் வேலை இதுதான்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் அதற்கு மேல் பேச இடமில்லை என்று எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் குழுவில் எல்லாருக்கும் கடிதம் போனது. வளைத்துப் பேசுகிற பழக்கமே அவளுக்கு இல்லை. அவள் எழுதியிருந்தது இது: அழிக்கும் கருவியில் இரண்டு வருஷமாக ஓட்டை இருக்கிறது, அடைக்கும் திருத்தம் இத்துடன் இருக்கிறது, உடனே வெளியிட வேண்டும். ஓட்டையைப் பிடித்திருக்க வேண்டிய சோதனை ஒன்பது வருஷமாக எதையும் சோதிக்கவில்லை. எழுதியவள் நான். மற்றவர்களிடம் கேட்டதை நான் செய்யவில்லை. சட்டம் வருவதற்கு முன் நான் எழுதிய சோதனைகள் இன்னும் முப்பத்தெட்டு உண்டு, அவற்றையும் நம்ப வேண்டாம். அவ்வளவுதான் கடிதம். மன்னிப்புக்கு ஒரு வரி, அதுவும் கடைசியில்.

திருத்தம் அன்றே வெளியே போய்விட்டது. செவ்வாய்க்கிழமை பத்துத்தடவைக்காரர் பதில் எழுதினார். அண்ணி தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். 'என்னுடையதைப் பத்துத் தடவை திருப்பி அனுப்பியவர், தன்னுடையதை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. இது ஒரு நாள் கவனக்குறைவு இல்லை, ஒன்பது வருஷம்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆள் எந்த நாட்டில் இருந்தாலும் டிக்கெட் எடுத்துப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் போலிருந்தது.

"என்ன அண்ணி சும்மா இருக்கீங்க? ஏதாவது எழுதுங்க!"

"என்னத்த எழுத? சரியாத்தானே சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு, பதிலாகவும் அதையேதான் எழுதினாள்.

வியாழக்கிழமை அவருக்கு ஏழு ஓட்டு, அண்ணிக்கு நாலு.

அன்று சாயங்காலம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாத அண்ணன், "இந்த ஆட்டம் இல்லாட்டி அடுத்த ஆட்டம்" என்று பள்ளிக்கூடப் பாணியில் எதையோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். "வருத்தமாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி. "வேணும்னு ஆசைப்பட்டேன்ல, அப்ப வருத்தமாத்தானே இருக்கும். விடுங்க, ரெண்டு நாளு இருந்துட்டுப் போகட்டும்." ஆனால் மறுநாள் ஐந்தரைக்குச் சந்தில் விளக்கு எரிந்தது. தோற்றவள் உட்காருகிற மாதிரியே உட்காரவில்லை அவள்.

சனிக்கிழமை புதுப் பொறுப்பாளரின் முதல் உத்தரவு வந்தது. குழுவில் உள்ள எல்லாச் சோதனைகளையும், திருத்தத்தை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை அடுத்த வெளியீடு கிடையாது. யார் யாருடையதை யார் பார்ப்பது என்று ஒரு பட்டியல். அண்ணியின் முப்பத்தெட்டுக்கும் நேரே அவர் தன் பேரையே போட்டிருந்தார்.

"பழி வாங்குறாரு பாத்தீங்களா?" என்றேன். "ஜெயிச்சும் ஆத்திரம் அடங்கல அந்த ஆளுக்கு."

அண்ணி பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"ஒன்பது வருஷமா என்னோடதை யாராவது பாத்திருக்காங்களா சொல்லு. நான் எழுதினதுன்னு தெரிஞ்சா போதும், படிக்காமலே சரின்னுடுவாங்க. அது மரியாதைன்னு நினைச்சு நானும் சந்தோஷப்பட்டேன். மரியாதை இல்ல அது. என்னைத் தனியா விட்டுட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நானும் அவளை அப்படித்தான் விட்டிருந்தேன். அண்ணிக்குத் தெரியாதது உண்டா, அண்ணிக்கு யார் துணை வேண்டும் என்று ஒதுங்கியே இருந்துவிட்டேன். அன்று அவள் சந்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். 

திங்கட்கிழமை காலை ஆறரை இருக்கும். கீழே அண்ணி போட்ட சத்தத்தில் என்னவோ ஏதோ என்று மாடிப்படியில் ஓடி வந்தேன். அண்ணனும் போர்வையோடு எழுந்து வந்து நின்றான்.

"திருப்பி அனுப்பிட்டாருங்க! என்னோடதைத் திருப்பி அனுப்பிட்டாரு!"

"எதை?"

"பன்னிரண்டாவது சோதனை. எடுத்தாலும் பச்சையாவே இருக்காம். ஒவ்வொரு வரியா படிச்சு எங்க தப்புன்னு எழுதியிருக்காரு, ரெண்டு பக்கத்துக்கு!"

முகமெல்லாம் சிரிப்பு. ஓட்டில் தோற்ற அன்றுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. இப்போதுதான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இரண்டு பக்கத்தையும் முதல் வரியிலிருந்து எங்களுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள்.