கதிரையோடு தூக்கிய ராசா

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கம் ஆண்டு விழாவுக்கு ஒரு பிரெஞ்சு நகைச்சுவை இசைநாடகத்தைப் போட முடிவெடுத்தது என்று சொன்னால் பொய். முடிவெடுத்தவள் நான். சங்கத்துக்கு அது பிடிக்கவேயில்லை. மூளையில்லாத ஒரு ராசா. அவர் பேசும் ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் அரசவை பாட்டாகத் திருப்பிச் சொல்லும். அதை ஜெர்மன் மொழியில் படித்து, தமிழில் நானே எழுதினேன். எங்கள் கூட்டங்களிலும் தலைவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லித்தான் வந்தோம், ராகம் மட்டும் இல்லை.

“தொடங்க முதல் நான் அஞ்சு நிமிசம் கதைப்பன், தங்கச்சி” என்றார் தலைவர். அவருடைய ஐந்து நிமிடம் எனக்குத் தெரியும். பத்து மணிக்கு மண்டபத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் விளக்கை அணைத்துவிடுவான். போன வருடம் பிள்ளைகளின் நடனம் அப்படித்தான் பாதியில் நின்றது.

“ஏலாது அண்ணை. நீங்கள் கதைச்சால் கடைசிக் காட்சி போகும்.”

“தலைமையுரை இல்லாத விழாவோ?”

“ஓம். இல்லாத விழாதான்.”

அதற்குப் பிறகு அவர் ஒத்திகைப் பக்கமே வரவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

விழாவன்று முதல் காட்சியில் மந்திரி முன்னால் வந்து, “பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களை மேடைக்குப் பணிவன்புடன் அழைக்கின்றோம்” என்றார். எங்கள் விழாக்களில் கேட்ட வசனத்தை நான்தான் ராசாவை அழைக்க அப்படியே எழுதியிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து ராசா வரவேண்டும். வந்தது, முன்வரிசையிலிருந்து எங்கள் தலைவர். கோட்டைச் சரிசெய்தபடி படியேறி, ராசாவின் கதிரையில் அமர்ந்து மைக்கைக் கேட்டார். அரசவையாக நின்ற பாடகர் குழு பொன்னாடையும் போர்த்தியது; நாடகத்தில் அப்படித்தான் இருந்தது.

ராசா வேடம் கட்டிய என் சிநேகிதி தலையில் கிரீடத்தோடு என் காதில் சீறினாள்: “அடியே, என்ரை கதிரையிலை அவர் இருக்கிறார்!”

“நில்லு. இறக்குவம்.”

“இந்தச் சங்கத்துக்காக எவ்வளவு உழைச்சனான்” என்று அவர் தொடங்கினார். “உழைச்சனான், உழைச்சனான்” என்று குழு பாடியது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவர் அதைப் பாராட்டு என்று நினைத்து இன்னும் நீட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை முடிந்து களைத்து வந்து ஒத்திகை பார்த்தவர்களின் கடைசிக் காட்சியை இந்த மனிதர் தின்ன நான் விடுவதாயில்லை. ராசாவைக் கதிரையோடு தூக்கிச் செல்வது மூன்றாம் காட்சி. மேடை ஓரத்திலிருந்து குழுவுக்கு மூன்று விரலைக் காட்டினேன். தூக்கினார்கள். கதிரையில் இருந்தபடி பேசிக்கொண்டே திரைக்குப் பின்னால் போனார் தலைவர்.

கதிரையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டு, மந்திரியை அதே வசனத்தை மறுபடி சொல்ல வைத்தேன். இம்முறை சரியான ராசா வந்தாள். கடைசிக் காட்சி முடிந்தபோது ஹவுஸ்மைஸ்டர் வாசலில் சாவியைக் குலுக்கிக்கொண்டு நின்றான்.

தலைவர் திரைக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மேல் பொன்னாடையோடு இருந்தார்.

“என்னைத் தூக்கினது மரியாதைக்கோ, பகிடிக்கோ?”

“பகிடிக்குத்தான் அண்ணை.”

“கடைசியிலை ராசாவுக்கு என்ன நடந்தது? இங்கையிருந்து ஒண்டும் தெரியேல்லை.”

“தூக்கிக்கொண்டு போனாப் பிறகு ஒருத்தரும் அவரைத் தேடேல்லை.”

பொன்னாடையைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு எழும்பிப் போய், எங்களோடு சேர்ந்து மண்டபத்துக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்.