அம்மாவின் விமானத்தைத் தள்ளிய நாள்

தையல்காரம்மா உலகத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் முழுக்கக் கொட்டிய மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. ஓடுதளம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி மின்னியது. வழியனுப்ப மருமகன் வந்திருந்தார். தையல் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் இருவர் வந்திருந்தார்கள். எதிர்க்கடை மருந்துக்காரர்கூடக் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். பெற்ற மகளை மட்டும் காணோம். அவள் ஒன்றும் தூரத்தில் இல்லை. அதே விமான நிலையத்தில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், அம்மா ஏறப்போகும் விமானத்தின் மூக்குக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

விமானங்களைப் பின்னால் தள்ளி அனுப்புவது அவள் வேலை. வானத்தையே கிழித்துக்கொண்டு போகிற ராட்சதப் பறவைதான் என்றாலும், பயணிகளை ஏற்றிக்கொண்ட இடத்திலிருந்து அது தானாகப் பின்வாங்காது. முன்சக்கரத்தில் ஓர் இரும்புத் தண்டைக் கோத்து, குள்ளமான ஒரு வண்டி அதைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். மகள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மேலே உட்கார்ந்திருக்கும் கேப்டனோடு பேசியபடி சக்கரத்தோடு சக்கரமாக நடந்து வருவாள். அவள் 'நில்' என்றால் வண்டி நிற்கும், விமானமும் நிற்கும். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் தள்ளுராணி.

பல வருஷம் பார்த்த வேலைதான். ஆனாலும் அந்த முதல் அசைவு வரும்போது இன்றைக்கும் அவளுக்கு மயிர்க்கூச்செறியும். தலைக்கு மேலே ஒரு தெருவே கிடப்பது போல நீளமான வயிறு. அதற்குள் சில நூறு பேர் பெல்ட் மாட்டிக்கொண்டு, ஜன்னலோரச் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு, குழந்தைக்குப் பால் கரைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பாரமும் ஒரு நொடி யோசிப்பது போல நின்றுவிட்டு, பிறகு சத்தமே இல்லாமல் நகரத் தொடங்கும். இந்தச் சக்கரம் நாளைக்கு எந்த மண்ணைத் தொடும் என்று நினைத்தால் அவளுக்குத் தலை சுற்றும். அவள் பார்ப்பதெல்லாம் போகிற விமானங்களைத்தான். போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. வேண்டியவர்கள் தூரப் பயணம் என்றாலே அவளுக்கு வருகிற பயத்துக்கு அதுதான் வேர்.

அம்மாவின் கதை வேறு. தெருமுனையில் இருந்த அம்மாவின் கடைக்கு, வெளிநாடு போகிறவர்கள் எல்லாம் தேடி வருவார்கள். பேன்ட்டுக்கு உள்பக்கம், சட்டையின் அடிமடிப்பில், பாஸ்போர்ட் வைக்கிற மாதிரி கள்ளப் பை தைப்பதில் அவர் கை தேர்ந்தவர். எங்கே பை இருக்கிறது என்று கட்டிய பெண்டாட்டிக்கே தெரியாது. அளவெடுக்கும்போது அம்மா எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"எங்க போறீங்க? அங்க என்ன இருக்கு?"

ஒருவர் பனிமலை என்பார். ஒருவர் பாலைவனம் என்பார். அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி கேட்டுக்கொண்டிருப்பார். இப்படியே ஆயுசில் பாதி போயிற்று. ஒருநாள் பழைய கோட்டு ஒன்றைப் பிரித்து, தன் அளவுக்குத் தைத்து, அதற்குள் ஒரு பையும் வைத்துக்கொண்டார். கடையை அந்த இரண்டு பெண்களிடம் ஒப்படைத்தார். மாதக்கணக்கில் உலகத்தைச் சுற்றி வரும் கப்பலில் இடம் போட்டிருப்பதாக, டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார். கப்பல் ஏற வேறொரு நாட்டுத் துறைமுகத்துக்கு விமானத்தில் போகவேண்டும்.

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கு என்ன பைத்தியமா? பஸ்ஸுல போனாலே பாதி வழியில வாந்தி எடுப்ப. பிரஷர் மாத்திரைய ஞாபகப்படுத்த அங்க யாரு இருக்கா?"

"கப்பல்ல டாக்டர் இருக்காருடி. நம்ம தெருவுலதான் இல்ல."

மருமகன் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவர். காலையில் செய்தித்தாளின் சுற்றுலாப் பக்கத்தை எழுத்து விடாமல் வாசிப்பார். எந்த மெஷினைப் பிரித்தாலும் அந்தச் செய்தியைத்தான் அந்த வீட்டுக்காரர்களிடம் பேசுவார். அவர் நடுவில் புகுந்தார்.

"இப்ப இதுதாம்மா டிரெண்டு. வயசான பொம்பளைங்க தனியாக் கிளம்பிப் போறாங்களாம். சில பேரு வீட்ட வித்துட்டுக் கப்பல்லயே குடியிருக்காங்களாம். வெயில் ஊருக்காரங்க குளிர் தேடிப் போறாங்க, குளிர் ஊருக்காரங்க..."

"நீங்க கொஞ்சம் வாய மூடுறீங்களா?"

"நான் மூடினாலும் பேப்பர் மூடாதே," என்று முணுமுணுத்துவிட்டு அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அம்மா மட்டும் இறங்கி வந்தார். "ஒரே ஒரு தடவ 'போயிட்டு வா'ன்னு சொல்லுடி. அது போதும்."

மகள் சொல்லவில்லை. கிளம்பும் நாள் வரைக்கும் சொல்லவில்லை. வழியனுப்பவும் வரமாட்டேன், அன்றைக்கு டூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். டூட்டி இருந்தது உண்மைதான். ஆனால் எந்த விமானத்துக்கு என்று அன்று காலையில்தான் தெரிந்தது. சூப்பர்வைசருக்கு மைக்செட் என்று பெயர். அவர் ரகசியம் பேசினாலும் அடுத்த விமானத்துக்குக் கேட்கும்.

"ஏம்மா, உங்கம்மா போறது இதுலதானே? கஷ்டமா இருந்தா சொல்லு, வேற ஆளப் போடுறேன்."

"எதுக்கு சார்? பிளேன்னா பிளேன்தான்."

அந்த வேலையில் கைக்குத் தனி மரியாதை உண்டு. கீழே நிற்பவர்களின் ஒவ்வொரு கையசைவும் மேலே இருக்கும் கேப்டனுக்கு ஒரு உத்தரவு. தெரிந்தவர்கள் ஜன்னலில் தெரிகிறார்கள் என்று டாட்டா காட்டிவிட முடியாது. மூக்கு அரித்தால்கூட யோசித்துத்தான் கையைத் தூக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு சைகை இருக்கிறது. தள்ளும்போது முன்சக்கரம் கேப்டனின் பிடியில் இருக்கக்கூடாது என்பதற்காக அதில் ஓர் இரும்புப் பின்னைச் செருகியிருப்பார்கள். தள்ளி முடிந்ததும் அதை உருவிக்கொண்டு, விலகி வந்து நின்று, அதில் தொங்கும் நீளமான சிவப்பு நாடா தெரியும்படி உயர்த்திக் காட்டவேண்டும். 'பின்னை எடுத்துவிட்டேன், இனி சக்கரம் உன்னுடையது, போகலாம்' என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் எந்தக் கேப்டனும் ஓர் அங்குலம் நகரமாட்டார்.

அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. விமானம் பின்னால் வந்து, திரும்பி, நின்றது. இன்ஜின்கள் உயிர்பெற்றன. தண்டைக் கழற்றினார்கள். வண்டி விலகிப் போனது. அவள் விமானத்தில் செருகியிருந்த ஹெட்செட் வயரைப் பிடுங்கிக்கொண்டு, பின்னை உருவிக்கொண்டு, இடதுபக்கமாக நடந்து போய்த் திரும்பினாள்.

முன்வரிசை ஜன்னல் ஒன்றில் அம்மா.

நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி வைத்திருந்தார். வீட்டில் எந்நேரமும் அதட்டிக்கொண்டே இருக்கிற முகம், அந்த வட்டத்துக்குள் ஒரு பொத்தான் அளவுக்குச் சின்னதாக இருந்தது. இந்த முகம் மேகத்துக்கு மேலே போகப்போகிறது, அவள் பெயர்கூடக் கேள்விப்படாத கடல்களைப் பார்க்கப்போகிறது என்று அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. இந்தத் தெருமுனைத் தையல்காரி உலகத்தைச் சுற்றப்போகிறாள்! மகளின் கை தானாக உயர்ந்தது. சிவப்பு நாடா காற்றில் படபடத்தது. கேப்டனுக்குக் காட்டவேண்டியதை அவள் அம்மாவுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அம்மா கையாட்டவில்லை. முகம் சட்டென்று உள்ளே போய்விட்டது.

விமானம் நகரவில்லை. மூக்கின் கீழிருந்த விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. பிறகு இன்னொரு முறை. இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியில் மைக்செட் அலறினார்.

"யாருக்கும்மா பின்னக் காட்டுற? ஓட்டுறவரு முன்னாடி உக்காந்திருக்காரு!"

அவள் பதறிப்போய்த் திரும்பினாள். கேப்டனைப் பார்த்துக் காட்டினாள். மேலே ஒரு கை அசைந்தது. விமானம் அவளைத் தாண்டி உருண்டு போனது. சாயங்காலம் வரைக்கும் அந்தச் செய்திதான் ஓய்வறையில் ஓடியது. "தள்ளுராணி இனிமே பயணிங்க கிட்டதான் பர்மிஷன் கேப்பாங்களாம்" என்றார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அம்மா போன் செய்தார். மகளுக்கு இல்லை, மருமகனுக்கு. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்பிள்ளை, உங்க பொண்டாட்டி பண்ணின காரியம் தெரியுமா? செவப்புத் துணியக் காட்டி பிளேன நிறுத்திட்டா! என்னைக் கீழ இறக்கத்தான் பாக்குறான்னு நெனச்சு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. நல்ல வேளை, அந்தக் கேப்டன் நல்ல மனுசன், கெளப்பிட்டாரு."

மருமகன் சிரிப்பை அடக்க முடியாமல் போனை மனைவியிடம் நீட்டினார்.

"அம்மா, அது 'போகலாம்'னு காட்டுறதும்மா."

"செவப்பக் காட்டி எந்த ஊர்லடி போகச் சொல்றாங்க? என் காதுல பூ சுத்தாத."

"நெஜமாம்மா. அதக் கேப்டனுக்குத்தான் காட்டணும். நான் தப்பா உனக்குக் காட்டிட்டேன்."



"எனக்கு எதுக்குக் காட்டின?"

மகள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். 'போயிட்டு வா' என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.  அதற்குள் கப்பலின் சங்கு ஊதி, அம்மா "சரி சரி, ஏறச் சொல்றாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு படங்கள் எல்லாம் மருமகனுக்கே வந்தன. தண்ணீருக்குள் இடிந்து விழும் பனிச்சுவர். கப்பலின் நிழலுக்குள் ஒரு கன்றோடு வந்து மூச்சுவிட்டுப் போன திமிங்கலம். ஒரு மலைச்சரிவு முழுக்க விளக்கேற்றி வைத்தாற்போல் வண்ண வண்ண வீடுகள். நடுவே, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் பேன்ட்டுக்கு ஜிப் மாற்றும் அம்மா. கப்பல் சாப்பாட்டில் எல்லோருக்கும் இடுப்பு பெருத்துவிட்டதாம்; ஊசியும் கையுமாகத்தான் திரிகிறாராம். மருமகன் ஒவ்வொன்றையும் காட்டிவிட்டு, "உனக்கும் அனுப்பச் சொல்லவா?" என்று கேட்பார்.

"வேணாம். அதுவா வரட்டும்."

அவளும் எழுதிப் பார்க்காமல் இல்லை. எழுதுவாள், அழிப்பாள். மன்னிப்புக் கேட்பது போல இருந்தால் அழிப்பாள். கேட்காதது போல இருந்தாலும் அழிப்பாள். வேலையில் ஒரு மாற்றம் மட்டும் வந்திருந்தது. முன்பெல்லாம் சக்கரத்தைத்தான் பார்ப்பாள். இப்போது தள்ளத் தொடங்கும் முன் ஜன்னல்களை ஒரு ஓட்டம் பார்த்துக்கொண்டாள். கழுத்தில் ஒரே நிறத்துத் துண்டு கட்டிக்கொண்டு கூட்டமாகக் கிளம்பிய வயதான பெண்கள் ஒருநாள் தெரிந்தார்கள். யாரும் இல்லாத பக்கத்து இருக்கையில் ஒரு தொப்பியை மட்டும் வைத்துக்கொண்ட கிழவர் ஒருநாள். முதன்முதலாகப் பறக்கிறவர்களைப் பார்த்தாலே தெரிந்தது. அவர்கள் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை பேருக்கும் எங்கோ ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டியிருக்கிறது. அதற்காகக் கதவு வைத்த ஓர் இரும்புக் குழாய்க்குள் ஏறி, யாரோ முன்பின் தெரியாதவர்களை நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையை நினைத்தால் விமானம் பறப்பதுகூட அவளுக்குச் சின்ன அதிசயமாகத் தோன்றியது.

வருஷத்தின் பாதி ஓடிப்போயிருந்தது. ஒரு பகல் இடைவேளையில், ஓய்வறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அதிர்ந்தது. அம்மாவின் குரல்செய்தி. மைக்செட் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"ஏய், நான்தான். இன்னைக்கு ஒரு கால்வாய்க்குள்ள வந்தோம். கப்பல் மலை ஏறுதுடி! நெஜமா. ஒரு தொட்டிக்குள்ள விட்டுக் கதவ அடைச்சுத் தண்ணிய நெரப்புறாங்க. இம்மாம் பெரிய கப்பலு, தொட்டில்ல இருந்து புள்ளையத் தூக்குற மாதிரி மெதுவா மேல வருது. அப்புறம் அடுத்த தொட்டி. இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல், நடுவுல நாங்க மலைமேல மெதக்குறோம். சுவருக்கும் கப்பலுக்கும் இடைவெளி தையலுக்கு விடுற துணி அளவுதான். கரையில சின்னச் சின்ன ரயில் இன்ஜின் வடத்தக் கட்டிக் கப்பல நேராப் பிடிச்சுக்கிட்டே வருது. அங்க ஒரு பொண்ணு, தலையில தொப்பி, உன்ன மாதிரியே ஒல்லி. அந்த வடத்தையே பாத்துக்கிட்டு நடந்து வந்தா. நான் கையாட்டினேன். கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. என்னா திமிருன்னு நெனச்சேன். அப்புறம்தான் ஒறைச்சுது. அவ ஒரு நிமிசம் கண்ண எடுத்தா நாங்க எல்லாரும் சுவத்துல போய் மோதுவோம். அவ எப்படிடி எனக்குக் கையாட்டுவா?

"நீ ஆட்டினியே. அவ்ளோ பெரிய பிளேன, அத்தன பேர நிக்க வச்சுட்டு எனக்குக் காட்டினியே. எதுக்குன்னு இனிமே கேக்கமாட்டேன்.

"கடைசியில அவ வடத்த அவுத்து விட்டுட்டு ஒரு கையத் தூக்கினா. எனக்கில்ல, மேல நின்ன கப்பல்காரருக்கு. உடனே கப்பல் நகந்துச்சு பாரு, எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. பக்கத்துல நின்ன அம்மாகிட்ட, 'என் பொண்ணுக்கும் இதே வேலைதான்'னு சொன்னேன். அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாது. இருந்தாலும் ரெண்டு தடவ சொன்னேன்."